இரண்டு பெட்டி கறுப்பு உடைகளை எந்த ஏலத் தளத்தில் விற்பது?

கிழக்கு லண்டனில் வசிக்கும் 38 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் அனுப்பியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவர் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்தபோது 'கோத்' எனப்படும், கறுப்பையும் இருண்ட மனநிலையையும் கொண்டாடும் பாணியின் இசையிலும் உடையிலும் ஈடுபாடு வந்திருக்கிறது. கறுப்பு வெல்வெட், லேஸ் துணி, பிவிசி பாவாடை, இரும்புப் பட்டை பதித்த கனமான பூட்ஸ் எனப் பத்து வருடங்களுக்கு மேல் சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சேர்த்திருக்கிறார். இரண்டு குழந்தைகளுக்குப் பிறகு அவை உடலுக்குப் பொருந்தவில்லை. சிறிய வீட்டுக்கு மாறப் போவதால் வைக்க இடமும் இல்லை. இரண்டு பெரிய பெட்டிகளில் சுமார் 60 உருப்படிகள். நியூ ராக் பூட்ஸ் இரண்டு ஜோடி, கில்ஸ்டார் நிறுவனத்தின் கோத் உடைகள் பத்துப் பன்னிரண்டு, மெல்லிய ரப்பரில் (லேடெக்ஸ்) செய்த, இடுப்பை இறுக்கும் கார்செட் ஒன்று, கேம்டன் மார்க்கெட் நடைபாதைக் கடைகளில் வாங்கிய இசைக்குழு டி-ஷர்ட்டுகள், அலங்காரத்துக்கு மாட்டிக்கொண்ட பழைய ராணுவ வாயு முகமூடி ஒன்று, லீட்ஸில் உடன் தங்கியிருந்த தோழி விட்டுச் சென்ற நீளமான தோல் கோட் ஒன்று.

வீட்டில் ஆளுக்கொரு யோசனை. "எல்லாவற்றையும் ஈபேயில் 99 பென்ஸுக்கு ஆரம்பித்து ஏலம் விடு, விலை தானாக ஏறும்; ஏறாவிட்டால் விற்க மாட்டேன் என்று சொல்லிவிடலாம்" என்கிறார் கணவர். அலுவலகத் தோழி, "விண்டடில் ஏலம் விடு. ஈபே என்றால் சொல்லு, என் கணக்கிலிருந்து நான் கொஞ்சம் ஏற்றி விடுகிறேன்" என்கிறார். திருச்சியிலிருந்து மாணவர் விசாவில் வந்து படிக்கும் சித்தி மகள், இதையே தொழிலாக்கலாம், மொத்தமாகக் கிலோக் கணக்கில் பழைய துணி வாங்கி உங்கள் கணக்கிலேயே விற்கலாம் என்கிறாள். அம்மாவோ, "பேய் உடுப்பை விற்றுக் காசாக்க வேண்டுமா, குப்பையில் போடு" என்கிறார். இதற்கிடையில் ஆயிரம் பவுண்டுக்கு மேல் விற்றால் வரி கட்ட வேண்டும் என்று வேறு கேள்விப்பட்டு வாசகி பயந்துபோயிருக்கிறார். பழைய உடைகளை விற்க உதவும் ஈபே, விண்டட், டெபாப் என்ற மூன்று இணையதளங்களில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது அவர் கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

தளங்களை விலையை வைத்து ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறீர்கள். அது தேவைதான். ஆனால் ஒவ்வொரு தளத்திலும் "விற்பனைக்கு" என்று பொத்தானை அழுத்தும்போது நீங்கள் எதற்குக் கட்டுப்படுகிறீர்கள், தகராறு வந்தால் யார் சொல்வது செல்லும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உங்கள் வீட்டார் சொன்ன யோசனைகளில் பாதி அங்கேதான் தடுக்குகின்றன. தளத்துக்குப் போவதற்கு முன்னால், பெட்டியிலிருந்து மூன்று பொருள்களைத் தனியாக எடுத்து வையுங்கள்.

விற்பனைக்குப் போகக் கூடாதவை

முதலாவது, அந்தத் தோல் கோட். "பன்னிரண்டு வருடமாக என்னிடம்தான் இருக்கிறது, இனி அது என்னுடையதுதானே" என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை. ஒருவர் விட்டுச் சென்ற பொருளை எத்தனை வருடம் பாதுகாத்து வைத்திருந்தாலும் அதனால் மட்டும் அது நம்முடையதாகிவிடாது. தோழி அதை உங்களுக்கே கொடுத்துவிட்டதாகவோ, வேண்டாம் என்று கைவிட்டதாகவோ சொல்லும் மாதிரி ஒரு செய்தியோ மின்னஞ்சலோ இருந்தால் நிலைமை வேறு. அப்படி எதுவும் இல்லாமல் விற்றால், அவர் பொருளின் மதிப்பை உங்களிடம் கேட்கலாம். வாங்கியவருக்கும் அதன் மேல் சரியான உரிமை கிடைக்காது.

இதற்கு இங்கிலாந்தில் 1977ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வழி வைத்திருக்கிறது. பொருளை வந்து எடுத்துக்கொள்ளும்படி உரிமையாளருக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் இன்ன தேதிக்குப் பிறகு விற்பேன் என்று பதிவுத் தபாலில் தெரிவித்து, நியாயமான அவகாசமும் தர வேண்டும். ஆளைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை என்றால், தேடுவதற்கு நியாயமான முயற்சி எடுத்ததைக் காட்ட வேண்டும். அப்படி விற்றாலும் செலவு போக மீதிப் பணம் அவருக்குச் சேர வேண்டியது. இவ்வளவும் செய்வதற்கு முன், பழைய கல்லூரி நண்பர்கள் மூலம் ஒரு செய்தி அனுப்பிப் பாருங்கள். "நீயே வைத்துக்கொள்" என்று ஒரு வரி பதில் வந்தால் விஷயம் முடிந்தது. அந்த வரியை அழித்துவிடாதீர்கள்.

இரண்டாவது, வாயு முகமூடி. இதை எந்தத் தளத்திலும் போட வேண்டாம், குழந்தைகள் கையில் கிடைக்கவும் விட வேண்டாம். இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் முகமூடிகள் பலவற்றின் வடிகட்டியில், மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இழை இருக்கும். சந்தையில் மலிவாகக் கிடைத்த பழைய சோவியத் முகமூடிகளிலும் அந்த ஆபத்து உண்டு. ஆஸ்பெஸ்டாஸ் உள்ள பொருளை விற்பதோ கைமாற்றுவதோ பிரிட்டனில் சட்டப்படி தடை செய்யப்பட்டது. வடிகட்டியைத் திருகித் திறந்து பார்க்க வேண்டாம். இரண்டு பிளாஸ்டிக் பைகளில் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டுக் கட்டி வைத்துவிட்டு, உங்கள் கவுன்சிலை அழைத்து ஆஸ்பெஸ்டாஸ் கழிவை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று கேளுங்கள். சாதாரணக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது.

மூன்றாவது, நடைபாதைக் கடை டி-ஷர்ட்டுகள். அவற்றில் பல அனுமதியில்லாமல் அச்சடித்தவையாக இருக்கும். பெயர் பதிவு செய்த இசைக்குழுவின் போலிச் சரக்கை லாபத்துக்காக விற்பது 1994ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டப்படி குற்றமாகலாம். நடைமுறையில் உங்கள் மேல் வழக்கு வருவது அரிதுதான். ஆனால் உரிமையாளர் புகார் கொடுத்தால் ஈபே உடனே விளம்பரத்தை எடுத்துவிடும், உங்கள் கணக்கையும் முடக்கலாம். அப்புறம் மீதி ஐம்பது பொருளையும் விற்க முடியாமல் நிற்பீர்கள். கழுத்துப் பட்டியில் உரிமம் பெற்ற நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகமாக இருப்பதை வீட்டில் போட்டுக் கிழியுங்கள்.

அணிந்த உள்ளாடைகளை இந்தத் தளங்கள் ஏற்பதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அணிந்த காலுறைகளையும் ஈபே ஏற்காது. வலைக் காலுறைகள் இருந்தால் அவையும் இதில் சேரும்.

ஏலம் என்றால் என்ன நடக்கிறது

நீங்கள் கேட்ட மூன்று தளங்களில் ஈபே மட்டும்தான் ஏலத் தளம். விண்டடிலும் டெபாப்பிலும் நீங்கள் ஒரு விலை போடுவீர்கள், வாங்குபவர் அதைக் கொடுப்பார் அல்லது குறைத்துக் கேட்பார். உங்கள் தோழி சொன்ன 'விண்டட் ஏலம்' என்று ஒன்று இல்லை.

ஈபே ஏலத்தில் ஊர்ச் சந்தையில் மாதிரி ஒரு தரம், இரண்டு தரம் என்று சொல்லி யாரும் காத்திருப்பதில்லை. 1, 3, 5, 7 அல்லது 10 நாள் என்று நீங்கள் குறிக்கும் காலம் முடியும் நொடியில் ஏலம் முடிந்துவிடும். கேட்பவர் தன் அதிகபட்ச விலையை முன்கூட்டியே பதிந்து வைப்பார். எதிரில் இன்னொருவர் கேட்டால் மட்டும், அவரைத் தாண்டத் தேவையான அளவு தளமே படிப்படியாக ஏற்றும். அனுபவமுள்ளவர்கள் கடைசி நொடி வரை வாயைத் திறப்பதே இல்லை. இதனால் என்ன ஆகிறது? ஒரே ஒருவர் 40 பவுண்டு வரை கொடுக்கத் தயாராக இருந்து, வேறு யாரும் கேட்காவிட்டால், உங்கள் உடை அவருக்கு 99 பென்ஸுக்கே போகும். ஏலத்தில் விலையை ஏற்றுவது இரண்டாவது ஆள். அந்த இரண்டாவது ஆள் வருவார் என்று நம்பிக்கை இருக்கும் பொருளுக்கு மட்டும்தான் ஏலம் சரி.

உங்கள் கணவர் சொன்ன "ஏறாவிட்டால் விற்க மாட்டேன்" என்பது இன்னும் பெரிய சிக்கல். ஏலம் முடிந்து ஒருவர் ஜெயித்தால் அது ஒப்பந்தம். ஜெர்மனியில் ஒருவர் தன் பழைய ஃபோக்ஸ்வாகன் பசாட் காரை ஈபேயில் 1 யூரோ ஆரம்ப விலைக்கு ஏலத்தில் விட்டார். இடையில் வெளியே 4,200 யூரோவுக்கு ஆள் கிடைத்ததும் ஏலத்தைப் பாதியில் நிறுத்தினார். அதுவரை கேட்டிருந்தவர் ஒரே ஒருவர். அவர் வழக்குப் போட்டார். 2014 நவம்பரில் ஜெர்மன் உச்ச நீதிமன்றம், 1 யூரோவுக்கு விற்பனை ஆகிவிட்டது, காரின் மதிப்புக்கு ஈடாக 5,249 யூரோ கொடு என்று விற்றவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. ஆஸ்திரேலியாவில் 2007இல் ஒரு பழைய விமானத்தை ஈபேயில் ஏலம் விட்டுப் பின்வாங்கியவரிடம், விமானத்தையே ஒப்படைக்கும்படி நியூ சவுத் வேல்ஸ் நீதிமன்றம் உத்தரவிட்டது. இந்தத் தீர்ப்புகள் இங்கிலாந்து நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஒரு பாவாடைக்காக யாரும் உங்களை நீதிமன்றத்துக்கு இழுக்கப் போவதும் இல்லை. ஆனால் ஒப்பந்தத்தின் தன்மை இதுதான். விற்க மறுத்தால் உங்கள் கணக்கின் பெயரும் கெடும். ஏலம் முடிய 12 மணி நேரத்துக்கும் குறைவாக இருந்து யாராவது கேட்டும் இருந்தால், ஈபேயே சாதாரணமாக உங்களை நிறுத்த விடாது.

ஆகவே எளிய வழி: இதற்குக் கீழே கொடுக்க மனம் வராது என்ற தொகை எதுவோ அதையே ஆரம்ப விலையாகப் போடுங்கள். ஒருவர் மட்டும் கேட்டு அந்த விலைக்கே போனாலும் உங்களுக்கு வருத்தம் இருக்காது.

உங்கள் பெட்டியில் எது எங்கே போகலாம்

நியூ ராக் பூட்ஸ் இரண்டு ஜோடியும் ஈபே ஏலத்துக்குத் தகுந்தவை. ஸ்பெயினில் செய்யப்படும் இவற்றின் புது விலை அதிகம். அளவு பொருந்தும் பழைய ஜோடிக்காகத் தேடிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. ஆனால் விளம்பரம் போடுவதற்கு முன்னால் அடிப்பாகத்தைக் கையால் வளைத்துப் பாருங்கள். பாலியூரித்தேன் அடிப்பாகம் காலில் போடாமல் பெட்டியில் கிடந்தாலும் ஈரப்பதத்தால் வருடங்கள் போகப் போக உள்ளுக்குள் சிதையும், போட்டு நடந்த அன்று உதிரும். விரிசல் தெரிந்தால் அதைப் படமெடுத்துப் போட்டு, பழுதுபார்ப்பவருக்கு என்று எழுதி விற்கலாம். மறைத்தால் திரும்பி வரும். ஏலம் ஞாயிற்றுக்கிழமை மாலை முடிகிற மாதிரி வைத்தால் அதிகம் பேர் வீட்டில் இருப்பார்கள். இங்கிலாந்தின் விட்பி ஊரில் 1994 முதல் நடக்கும் கோத் வார இறுதி விழாவுக்கு மக்கள் வசந்தத்திலும் அக்டோபர் கடைசியிலும் உடை தேடுவார்கள். அதற்கு மூன்று நான்கு வாரம் முன்னால் விளம்பரம் போடுவது நல்லது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் வீடு மாற இன்னும் சில மாதம் இருக்கிறது, பூட்ஸை மட்டும் அதுவரை வைத்திருங்கள்.

கில்ஸ்டார் உடைகளை ஏலம் விடாதீர்கள். அந்த நிறுவனம் இப்போதும் அதே மாதிரி உடைகளைத் தயாரிக்கிறது, பழையவையும் நிறையக் கிடைக்கின்றன. போட்டியே இருக்காது. விண்டடில் நிலையான விலைக்குப் போடுங்கள். லித்துவேனியாவின் வில்னியஸ் நகரத்தில் 2008இல் தொடங்கிய அந்தத் தளம் விற்பவரிடம் கட்டணம் வாங்குவதில்லை, வாங்குபவர்தான் பாதுகாப்புக் கட்டணமும் தபால் செலவும் கொடுக்கிறார். முகவரிச் சீட்டை அவர்களே தருவார்கள், பக்கத்துக் கடையிலோ லாக்கரிலோ போட்டுவிட்டு வரலாம். கைக்குழந்தையோடு இருக்கும் உங்களுக்கு அந்த வசதி பெரியது. இரண்டு மூன்று உடைகளைச் சேர்த்து வாங்கினால் தள்ளுபடி என்று வைத்தால் பெட்டி சீக்கிரம் காலியாகும்.

கல்லூரி நாள்களில் வாங்கிய பிவிசி பாவாடைகள், சங்கிலி வைத்த அகலக் கால்சட்டைகள், லேஸ் மேலாடைகள் டெபாப்புக்குப் போகட்டும். 2021இல் எட்ஸி நிறுவனம் டெபாப்பை வாங்கியபோது அதைப் பயன்படுத்துபவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் 26 வயதுக்குக் கீழே என்று சொன்னார்கள். நீங்கள் கல்லூரியில் போட்டதை இன்று தேடிப் போடும் வயது அது. இங்கேயும் 2024 முதல் பிரிட்டன் விற்பனையாளருக்கு விற்பனைக் கட்டணம் இல்லை, பணம் செலுத்தும் சேவைக்கான சிறு பிடித்தம் மட்டும் உண்டு. ஈபேயும் 2024 அக்டோபர் முதல், வாகனங்கள் தவிர மற்றவற்றில் தனிநபர் விற்பனைக்குக் கட்டணத்தை எடுத்துவிட்டது. பிறகு வாங்குபவரிடம் பாதுகாப்புக் கட்டணம் வாங்க ஆரம்பித்தது. அது அவர் பார்க்கும் விலையிலேயே சேர்ந்துவிடும். ஆகவே நீங்கள் 20 பவுண்டு என்று போட்டது அவருக்குக் கூடுதலாகத் தெரியும். இந்தக் கட்டணங்களை அடிக்கடி மாற்றுகிறார்கள். முதல் பொருளைப் போடும் அன்று கட்டணப் பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

லேடெக்ஸ் கார்செட் எப்படியிருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. உலோகக் கொக்கியோ எண்ணெயோ பட்டு நாளானால் லேடெக்ஸில் கறை பிடித்துப் போகாமல் நின்றுவிடும். நன்றாக இருந்தால் ஈபேயில் நிலையான விலைக்குப் போடலாம். எதற்கும் உடையைப் போட்டுக்கொண்டு எடுத்த படத்தைப் பயன்படுத்த வேண்டாம். தேவையில்லாத செய்திகள் வரும், படமும் எங்கெல்லாமோ போகும். பொம்மை உடலிலோ தரையில் விரித்தோ எடுத்தால் போதும்.

கேட்டாவிக்கி போன்ற நிபுணர் பார்வையிடும் ஏலத் தளங்களும், உடைகளுக்கென்றே இருக்கும் லண்டன் ஏல நிறுவனங்களும் உங்களுக்குத் தேவைப்படாது. 1970களில் லண்டனில் பங்க் உடைக்குப் பேர்போன கிங்ஸ் ரோடு 430ஆம் எண் கடையில் விற்ற அசல் உடை கையில் இருப்பவர்களுக்கான இடம் அது.

'ரிட்டர்ன் கிடையாது' என்ற வரி எவ்வளவு தூரம் காப்பாற்றும்

கொஞ்ச தூரம்தான். நீங்கள் வியாபாரி இல்லை, சொந்தப் பொருளை விற்கும் தனிநபர். அதனால் கடைகளுக்கு இருக்கும் 14 நாள் ரத்து விதி உங்களைக் கட்டுப்படுத்தாது. துணியின் தரத்துக்கும் நீங்கள் உத்தரவாதம் தர வேண்டியதில்லை. ஆனால் 1979ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டம், சொன்ன விவரத்துக்குப் பொருள் பொருந்த வேண்டும் என்கிறது. இது தனிநபருக்கும் பொருந்தும். தளத்தின் விதி அதைவிடக் கடுமை. ஈபேயில் 'விவரத்தோடு பொருந்தவில்லை' என்று வாங்கியவர் 30 நாளுக்குள் புகார் கொடுத்தால், 'ரிட்டர்ன் கிடையாது' என்று நீங்கள் எழுதியிருந்தாலும் பணம் திரும்பப் போகும். விண்டடில் பொருள் கைக்கு வந்து 2 நாளுக்குள் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகு பணம் உங்களுக்கு. சின்னச் சின்ன விலை உடைகளை நான் விண்டடுக்கு அனுப்பச் சொல்வதற்கு இந்த 2 நாளும் ஒரு காரணம்.

கறுப்பு உடையில் தகராறு பெரும்பாலும் நிறத்தைப் பற்றித்தான் வரும். பல முறை துவைத்த கறுப்பு, படத்தில் கறுப்பாகவும் நேரில் பழுப்பாகவும் இருக்கும். ஜன்னல் வெளிச்சத்தில், வெள்ளைத் துணி மேல் வைத்து, பக்கத்தில் புதுக் கறுப்புத் துணி ஒன்றையும் வைத்துப் படமெடுங்கள். மார்பு, இடுப்பு, நீளம் மூன்றையும் அளந்து எழுதுங்கள். இந்த வகை உடைகளில் 'எம்' என்று போட்டிருப்பதற்கு அர்த்தமே இல்லை. பிவிசி ஒட்டுகிறதா, ஜிப் சிக்குகிறதா, சிகரெட் வாடை இருக்கிறதா என்பதையும் எழுதுங்கள். 2012இல் வாங்கியதை 'தொண்ணூறுகளின் விண்டேஜ்' என்று எழுதினால் விலை கூடும்தான், அது பொய்த் தகவல் ஆகிவிடும். குறையை நீங்களே எழுதியிருந்தால், அதே குறையைக் காட்டி யாரும் பணம் திரும்பக் கேட்க முடியாது. தபாலில் போட்ட ரசீதும் கண்காணிப்பு எண்ணும் இல்லாமல் எதையும் அனுப்பாதீர்கள்.

வாட்ஸாப்புக்கு வாருங்கள், நேரடியாக வங்கியில் போடுகிறேன், இந்த இணைப்பை அழுத்தி உங்கள் அட்டை விவரத்தைக் கொடுத்தால் பணம் வரும் என்று யார் சொன்னாலும் பதில் போடாமல் புகார் கொடுங்கள். தளத்தை விட்டு வெளியே போன நிமிடத்திலிருந்து தளம் உங்களுக்குத் துணை நிற்காது. ஏலம் ஜெயித்தவர் 4 நாளில் பணம் கட்டாவிட்டால் ரத்து செய்துவிட்டு, அடுத்துக் கேட்டவருக்கு அவர் கேட்ட விலைக்கே கொடுக்க ஈபேயில் வசதி இருக்கிறது.

தோழியும் தங்கையும் சொன்னது

தோழி உங்கள் பொருளுக்கு விலையேற்றிக் கேட்பது உதவி மாதிரித் தெரியலாம். வாங்குபவரை ஏமாற்றுவது அது. விற்பவர் தானோ தன் ஆளை வைத்தோ ரகசியமாக ஏலம் கேட்பது சட்டவிரோதம் என்று பொருள் விற்பனைச் சட்டமே சொல்கிறது. 2010இல் தன் பொருள்களுக்கு இன்னொரு கணக்கிலிருந்து தானே விலையேற்றிய ஈபே விற்பனையாளர் ஒருவருக்கு பிராட்ஃபோர்டு நீதிமன்றம் 250 மணி நேரச் சமூகப் பணியும் பணத் தண்டனையும் கொடுத்தது. தோழிக்கு நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள்.

சித்தி மகள் விஷயத்தில் உங்களைக் கெஞ்சியே கேட்கிறேன். மாணவர் விசாவில் இருப்பவர் சுயதொழில் செய்யக் கூடாது. வாரத்துக்கு இத்தனை மணி நேரம் வேலை பார்க்கலாம் என்ற அனுமதி இன்னொருவரிடம் சம்பளத்துக்கு வேலை பார்ப்பதற்கு. மொத்தமாக வாங்கி லாபத்துக்கு விற்பது வியாபாரம், அது மாலை நேரத்தில் செல்போனில் நடந்தாலும் வியாபாரம்தான். விசா நிபந்தனையை மீறியதாகப் பதிவானால் படிப்பும், பிறகு இங்கே வேலை தேடும் வாய்ப்பும் போகும். உங்கள் பெயரில் செய்தால் பிரச்சினை உங்கள் பக்கம் திரும்பும்: வியாபாரியாக இருந்துகொண்டு தனிநபர் மாதிரி விற்பது 2025 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் நுகர்வோர் விதிகளிலும், அதற்கு முன்பிருந்த விதிகளிலும் தடை செய்யப்பட்ட செயல். அவள் தன்னுடைய பழைய உடைகளை விற்றால் அதில் தவறில்லை. பெட்டியைப் பிரிக்க, படமெடுக்க, தபாலில் போட உதவட்டும்.

அம்மா சொன்னது

சட்டக் கேள்வி இல்லை, ஆனாலும் நீங்கள் அதை இரண்டு இடத்தில் எழுதியிருப்பதால் சொல்கிறேன். 2007 ஆகஸ்டில் லங்காஷயரின் பேக்கப் என்ற சிறு ஊரில், ஸோஃபி லங்காஸ்டர் என்ற 20 வயதுப் பெண் கோத் உடையில் இருந்தார் என்பதற்காகவே பூங்காவில் அடிக்கப்பட்டு, இரண்டு வாரத்தில் இறந்தார். 2013 முதல் கிரேட்டர் மான்செஸ்டர் காவல்துறை இப்படிப்பட்டவர்கள் மீதான தாக்குதல்களை வெறுப்புக் குற்றமாகப் பதிவு செய்கிறது. இந்த உடைகளை ஒருவர் விரும்பிப் போடுவதற்கு இங்கே விலை கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் வெட்கப்பட எதுவும் இல்லை, குப்பையில் போடவும் தேவையில்லை. விற்காமல் மிஞ்சுவதை ஸோஃபியின் பெயரில் இயங்கும் அறக்கட்டளைக்கு உதவும்படி விற்றுக் கொடுக்கலாமா என்று அவர்களிடமே கேட்டுப் பாருங்கள். அம்மாவுக்கும் இதை எடுத்துச் சொல்லலாம்.

வரித்துறை

வீட்டில் போட்டுப் பயன்படுத்திய சொந்த உடைகளை, வாங்கியதைவிடக் குறைந்த விலைக்கு விற்பதற்கு வருமான வரி இல்லை. நீங்கள் கேள்விப்பட்ட ஆயிரம் பவுண்டு, வியாபாரம் செய்பவர்களுக்கான சலுகை வரம்பு. மூலதன ஆதாய வரி பற்றியும் கவலை வேண்டாம், ஒரு தனிப்பொருள் 6,000 பவுண்டுக்கு மேல் போனால்தான் அந்தக் கேள்வியே வரும்.

பிறகு ஏன் தளம் உங்கள் தேசியக் காப்பீட்டு எண்ணைக் கேட்கிறது? 2024 ஜனவரி முதல், ஒரு வருடத்தில் 30 அல்லது அதற்கு மேல் பொருள் விற்றவர்களின் விவரத்தையும், 2,000 யூரோவுக்கு மேல், அதாவது சுமார் 1,700 பவுண்டுக்கு மேல், பெற்றவர்களின் விவரத்தையும் தளங்கள் வரித்துறைக்குக் கொடுக்க வேண்டும். இது தகவல் தரும் விதி, புது வரி கிடையாது. நீங்கள் 60 பொருளை மூன்று தளங்களில் பிரித்து விற்றாலும் ஏதாவது ஒன்றில் 30ஐத் தொடலாம். தொட்டால் தொடட்டும். அந்த எண்ணைக் கொடுக்காமல் விட்டால்தான் பணத்தை நிறுத்தி வைப்பார்கள்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். விற்பனையைத் தொடங்கும் முன் எல்லா உடைகளையும் கட்டிலில் பரப்பி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டில் பொருள், எப்போது எங்கே வாங்கியது, தோராயமாக என்ன விலை, எந்தத் தளத்தில் என்று, எவ்வளவுக்குப் போனது என்று எழுதி வாருங்கள். நீங்கள் அந்த உடைகளைப் போட்டு எடுத்த பழைய கல்லூரிப் படங்கள் சிலவற்றையும் எடுத்து வையுங்கள், சொந்தப் பொருள் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. அடுத்த ஜனவரியில் தளம் வரித்துறைக்கு அனுப்பியதன் நகல் உங்களுக்கும் வரும். அதை நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, தொகை தவறாக இருந்தால் தளத்திடம் எழுதித் திருத்தச் சொல்லுங்கள். வரித்துறையிடமிருந்து கடிதம் ஏதாவது வந்தால், பதில் போடும் முன் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.